நடுத்தட்டு

ஆஸ்டின் டவுனில், முனிகிருஷ்ணனின் மளிகைக் கடையில், தன் சாம்பார் பொடிப் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள் சந்திரம்மா. வீட்டிலேயே அரைத்த பொடி. கண்ணுக்கு நேரே இருக்கும் நடுத்தட்டுக்கு வந்த பிறகுதான் அது விற்கவே தொடங்கியிருந்தது.

சிவப்புப் பாக்கெட் சாம்பார் பொடியின் சேல்ஸ்மேன் சுனில் உள்ளே வந்தான். பின்னாலேயே பச்சைப் பாக்கெட்டின் சேல்ஸ்மேன் நரேஷ்.

"என் சரக்கை எவன்டா ஓரமா தள்ளினது?" என்றான் சுனில்.

"நான்தான். உன் மரத்தூளை யாரு வாங்குறா?"

சுனில் அவன் சட்டையைப் பிடித்தான். நரேஷ் கையை ஓங்கினான். சாமான் வாங்க வந்தவர்கள் பயந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். பெரிய கம்பெனிகள் இரண்டும் அடித்துக்கொண்டு சாகட்டும் என்று சந்திரம்மாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"கடையில கலாட்டா வேணாம்பா," என்று முனிகிருஷ்ணன் கெஞ்சினார். "நடுத்தட்டுல ஆளுக்குப் பாதி வெச்சுக்குங்க. சந்திரம்மா, உன்னுத எடுத்துக் கீழ வைம்மா."

"நான் என்னண்ணா பண்ணேன்?"

"நீ சண்டை போடல இல்ல, அதான்."

பினாயில் பாட்டில்களுக்குப் பக்கத்தில் குனிந்து பொடியை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

தெருமுனையில் கம்பெனி வேன் ஒன்று நின்றது. உள்ளே சிவப்புப் பாக்கெட்டும் பச்சைப் பாக்கெட்டும் ஒன்றாக அடுக்கியிருந்தன. சுனிலும் நரேஷும் அதில் சாய்ந்தபடி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்தது சிவாஜிநகர் கடை," என்றான் நரேஷ், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. "அங்க உன் சட்டையை நான் பிடிக்கிறேன்."