பத்து நொடி

அமெரிக்காவில் பேசாமல் இருக்கும் உரிமையை அரசியல் சட்டத்தில் திருத்தம் போட்டு நீக்கிய பிறகு, நீதிமன்றத்தில் கேட்கும் கேள்விக்குப் பத்து நொடிக்குள் பதில் சொல்லாதவர் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்றே ஆகிவிட்டது.

அங்கே குடியேறிய மருதவாணனின் மகள் குழலிக்குப் பதினாறு வயது. வீட்டுக்கு வருகிறவர்கள், "என்னம்மா படிக்கிறே?" என்று கேட்டாலே அப்பாவின் முகத்தைப் பார்ப்பாள். "எம் பொண்ணுக்கு நான்தான் வாய்" என்று பெருமையாகச் சிரித்துக்கொண்டு அவர்தான் பதில் சொல்வார்.

இன்று நீதிமன்றத்தில் நீதிபதி கேட்டார். "பள்ளியில் காணாமல்போன மோதிரத்தை நீ எடுத்தாயா?"

குழலி திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

மருதவாணன் பதறி எழுந்தார். "ஐயா, அவ எடுக்கலைங்க. அன்னிக்குக் காய்ச்சல்ல வீட்ல படுத்திருந்தா!"

"நீங்கள் சொல்வது செல்லாது. அவளே சொல்ல வேண்டும்."

"சொல்லு கண்ணு. இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடும்மா."

அவளுடைய உதடு அசையத்தான் செய்தது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

பெண் காவலர் அவளைக் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கூட்டிப்போய் ஏதோ கேட்டார். பெயரைத்தான் கேட்டிருப்பார். குழலி மறுபடியும் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"குழலி! குழலி!" என்று மருதவாணன் கத்தினார். கண்ணாடி தடிமனானது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் போகவில்லை.