டிம்ப்னாவின் சதுப்புத் தோட்டம்

“ஏண்டி டிம்ப்னா, காரணமில்லாம ஒரு ஆம்பளை அடுத்த வீட்டுல இப்படி மண்ணு வெட்டுவானா? பாவம்டி, சீக்கிரமா அவனுக்கு ஒரு பதிலைச் சொல்லு!”

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நோரீன் கண்ணடித்தாள். கொல்லையில் குழி வெட்டிக்கொண்டிருந்த மாலக்கி, காதில் விழாதவன்போலக் குனிந்தே இருந்தான்.

“எழுபது வயசுல எனக்குக் கல்யாணம் ஒண்ணுதான் குறைச்சல்! போடி, அடுப்புல உன் ரொட்டி கருகப்போகுது” என்று டிம்ப்னா அவளை விரட்டினாள்.

ஊர் அப்படிப் பேசுவதில் ஆச்சரியமில்லை. கட்டைப் பிரம்மச்சாரியான மாலக்கி முப்பது வருஷமாக அவளுக்குக் கூரை மாற்றினான், கணப்புக்கு விறகு பிளந்தான். ஒரு கோப்பைத் தேநீருக்கு மேல் எதையும் வாங்கிக்கொண்டதில்லை. வாயில்லாப் பூச்சி.

அவள் மகன் ஃபின்டனைப் பறிகொடுத்ததும் அதே முப்பது வருஷத்துக்கு முன்னால்தான். காட்டிக்கொடுத்தவன் என்று பழி சொல்லி, ஒரு துப்பாக்கிக் கூட்டம் பத்தொன்பது வயதுப் பிள்ளையை இழுத்துப்போனது. சுட்டு ஏதோ ஒரு சதுப்பில் புதைத்துவிட்டார்கள் என்பதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. அயர்லாந்துச் சதுப்புகளை இயந்திரம் வைத்துத் தோண்டித் தோண்டி, போன மாதம் தேடலையும் நிறுத்திவிட்டார்கள். பெற்ற வயிறு எத்தனை நாள்தான் தாங்கும்?

“முட்டி போட்டு ஜெபம் பண்ண எனக்கு ஒரு கல்லறைகூட இல்லையே! சதுப்பு அவனைத் தராதுன்னா, சதுப்பையே என் வீட்டுக்குக் கொண்டாந்துர்றேன்” என்று அவள் அழுதபோது, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவன் மாலக்கிதான்.

குழிக்குள் கெட்டியான பிளாஸ்டிக்கை விரித்தான். தண்ணீர் கொஞ்சம் கசியட்டும் என்று ஆணியால் அங்கங்கே துளை போட்டான்.

“மழைத்தண்ணி மட்டும் ஊத்து. குழாய்த் தண்ணியைக் காட்டினா பாசி செத்துரும்.”

பிறகு வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கினான். ஈரமான கறுப்பு மண், பாசி, வெள்ளையாகப் பூத்த பஞ்சுப் புல்.

“எங்கேருந்து கொண்டாந்தே?”

“மலைக்கு அந்தப் பக்கம். போக ரெண்டு மணி நேரம்.”

“அட கிறுக்கா! ரோட்டைத் தாண்டினா இங்கேயே சதுப்புதானே?”

“அந்த மண்ணுதான் வேணும்.”

மூட்டையை அவன் கவிழ்க்கவில்லை. மண்டியிட்டு, கையால் அள்ளி அள்ளி, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவதுபோல மெதுவாகப் போட்டான். கடைசிப் பிடியைப் போட்டதும் தொப்பியைக் கழற்றினான். உதடு முணுமுணுக்கச் சிலுவை போட்டுக்கொண்டான்.

தேநீர் கொண்டுவந்த டிம்ப்னா அப்படியே நின்றுவிட்டாள். தோட்ட வேலைக்கு யாரும் தொப்பியைக் கழற்றுவதில்லை. அந்த ஊர் ஆண்கள் அதைக் கழற்றுவது கோயிலிலும், அடக்கம் செய்யும் குழி ஓரத்திலும்தான்.

மண்ணைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் தலை நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

கோப்பையைக் கீழே வைத்தாள்.

“என் பிள்ளையை எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கவச்சே, மாலக்கி?”