சீட்டுக்கு முன்னால் ஓர் இடம்

மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரின் ஓட்டுநர் சீட்டுக்கு முன்னால், மெக்கானிக் நாச்சிமுத்து தீயணைப்பானை வைத்துப் பார்த்தார். காருக்குப் பிடிக்கவில்லை.

"பார்க்கிறவங்க சமையல் கேஸ்னு நினைப்பாங்க. டிக்கியில போடுங்க."

"கைக்கு எட்டுற இடம் இதுதான் தம்பி" என்றது தீயணைப்பான்.

"என் அழகு என்ன ஆகிறது?"

நாச்சிமுத்து அதை டிக்கியில் பொருத்திவிட்டுப் போனார்.

ஆயுத பூஜையன்று பானெட்டின் மேல் ஏற்றிய கற்பூரம் காற்றில் சரிந்து, மாலை பற்றிக்கொண்டது.

"அண்ணே, சீக்கிரம் வாங்க" என்று கார் அலறியது.

"வரத்தான் துடிக்கிறேன். என் மேல ஒரு சூட்கேஸ், அதுக்கு மேல பொரி மூட்டை. முதல்ல அவங்களை இறங்கச் சொல்லு."

நல்லவேளையாகக் காரின் முதலாளி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்தார். உள்ளங்கையளவு பெயின்ட் கருகியிருந்தது.

மறுநாள் நாச்சிமுத்து வந்ததும் கார் முந்திக்கொண்டு தீயணைப்பானிடம் சொன்னது.

"அண்ணே, முன்னாலேயே உட்காருங்க. யாராவது கேட்டா, என் கூடப் பிறந்தவர்னு சொல்லிக்கிறேன்."