நீல நாக்கு

கோழி டாக்டர் கொட்டகை வாசலில் கொட்டிய சுண்ணாம்புத் தூளில் நின்றபடி ஆய்வகத் தாளைப் படித்துவிட்டு மடிக்கிறார். உள்ளே மூவாயிரம் கோழிகள் இருந்தும் ஒரு கொக்கரிப்பு இல்லை. காற்றாடி இரைச்சலுக்கு அடியில் கொர் கொர் என்று சளி இழுக்கும் சத்தம்தான். "தடுப்பு மருந்தும் நல்ல மருந்து, நீங்க குடுத்ததும் சரிதாம்மா. ஆனா இங்க வந்திருக்கிற வைரஸ் வேற வகை. இந்த மருந்துக்கு அது அவ்வளவா மசியாது." பண்ணைக்காரிக்கு அது காதில் ஏறவே இல்லை. "இல்ல டாக்டர், நான்தான் எங்கயோ கோட்டை விட்டிருப்பேன்," என்று கைபேசியில் படங்களைத் தள்ளிக்கொண்டே போகிறாள். மூன்று வாரம் முன்பு தண்ணீரில் தடுப்பு மருந்தோடு நீலச் சாயமும் கலந்து வைத்த அன்று, குடித்ததற்கு அத்தாட்சியாக அலகைப் பிளந்து எடுத்தவை. ஒவ்வொன்றிலும் கணவனின் கட்டைவிரல், பக்கத்தில் மை தொட்டதுபோல் ஒரு நாக்கு. அவளுக்கு வேண்டியது நீலம் ஏறாத நாக்கு, மருந்து குடிக்காமல் விட்ட கோழி, ஒன்றே ஒன்று. தவறு அவளுடையது என்றால் சேதம் இந்தக் கொட்டகையோடு போகும். வைரஸ் வேறு என்றால், பாதைக்கு அந்தப் பக்கம் தங்கை தன் பண்ணைக் கோழிகளுக்குக் கொடுத்திருப்பதும் இதே மருந்துதான். தங்கை அங்கே கம்பிவலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "என்னக்கா சொல்றாரு?" "இருடி!" விரல் நிற்கிறது. "இதோ பாருங்க டாக்டர், இதுல நீலமே இல்ல!" அவள் முகத்தில் உயிர் வருகிறது. டாக்டர் குனிந்து பார்க்கிறார். "கொஞ்சம் பெரிசு பண்ணுங்கம்மா." இரண்டு விரலால் அவளே பெரிதாக்குகிறாள். அலகின் நிழலுக்குள், நாக்கின் நுனியில், நீலம். "அக்கா?" என்கிறாள் தங்கை, மறுபடியும்.