டிஸ்க் தெரியவில்லை

“செத்துப்போச்சும்மா. எத்தனை தடவை சொருகினாலும் கம்ப்யூட்டர்ல தெரியவே மாட்டேங்குது” என்றபடி, கைக்குட்டையில் சுற்றியிருந்த ஹார்டு டிஸ்க்கை மேஜைமேல் வைத்தார் பெரியவர்.

அந்தத் தெருவில் கடை வைத்திருந்த அவளை எல்லோரும் ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாகக் கம்ப்யூட்டர் ரிப்பேர். மூச்சு நின்ற மெஷினைக்கூட எழுப்பி உட்காரவைத்துவிடுவாள் என்று பேர்.

“செத்துப்போச்சா, வெறும் மயக்கமான்னு நான் பாத்துச் சொல்றேன். உக்காருங்க சார். உங்களோடதா?”

“என் பொண்ணோடது.” கொஞ்சம் நிறுத்தி, “அவ போய் மூணு மாசம் ஆச்சு” என்றார்.

கேபிளை எடுக்கப்போன டாக்டரம்மாவின் கை பாதியில் நின்றது.

“கட்டிக்கொடுத்த இடத்துல அவளே முடிவு தேடிக்கிட்டா. மனசு சரியில்லாம இருந்தாளாம். மாப்பிள்ளை வீட்டுல அப்படித்தான் சொல்றாங்க. போன வாரம் அவ துணிமணியெல்லாம் ஒரு பெட்டியில போட்டு அனுப்பினாங்க. அடியில இது கிடந்தது. அதைப் பாத்ததுலேர்ந்து என் வீட்டுக்காரி ஒரே பிடிவாதம். ‘காரணமில்லாம என் பொண்ணு போகமாட்டா, இதுல ஏதாவது வெச்சிருப்பா, பாத்துட்டு வாங்க’ன்னு. இடுப்பு எலும்பு முறிஞ்சு படுத்த படுக்கையா இருக்கா. இல்லேன்னா அவளே வந்திருப்பா.”

டாக்டரம்மா டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். கேபிளை மாற்றிப் பார்த்தாள். பின்பக்கம் சொருகிப் பார்த்தாள். பக்கத்துக் கம்ப்யூட்டரிலும் போட்டுப் பார்த்தாள். ஊஹூம். டிஸ்க் சுற்றும் சத்தம்கூட இல்லை.

“எடுக்க முடியுமாம்மா?” பெரியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அரை மணி நேரத்தில் ஐந்தாவது தடவையாக அதே கேள்வி. பெற்ற மனசு பதறுகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

டிஸ்க்கை விளக்குக்கு நேராகத் திருப்பினாள். கேபிள் சொருகும் இடத்தில், உள்ளே இருந்த பின்கள் எல்லாம் நசுங்கிக் கிடந்தன.

“யாரோ குத்தினாப்பல இருக்கே. வீட்டுல சின்னப் பசங்க இருக்காங்களா?”

“இல்ல, இல்ல. பெட்டியில வந்தப்ப அடிபட்டிருக்கும்.”

“பரவாயில்ல சார். வாசல் அடைச்சுக்கிட்டா வீடே இடிஞ்சுபோச்சுன்னு அர்த்தமா? மேல்கூட்டைப் பிரிச்சு, உள்ள இருக்கிற டிஸ்க்கை நேரா மாட்டிப் பாக்கலாம்.”

பெரியவர் எழுந்தார். உட்கார முடியவில்லை போலிருக்கிறது. “வீட்டுக்கு மருந்து வாங்கணும். இதோ வந்துடறேன்.”

அவர் போனதும் கூட்டைப் பிரித்து, டிஸ்க்கை மாட்டி, ஸ்விட்சைப் போட்டாள். மெல்லிய முனகலோடு அது சுற்ற ஆரம்பித்தது. கம்ப்யூட்டருக்கு இப்போது டிஸ்க் இருப்பது தெரிந்தது. ஆனால் திறப்பதற்கு அதற்கென்று ‘D’, ‘E’ மாதிரி ஒரு எழுத்து இல்லை. அவளே ஒரு எழுத்தைக் கொடுத்தாள். திறந்துகொண்டது.

உள்ளே இருந்தது ஒரே ஒரு ஃபைல். குரல் பதிவு. பெயர்: ‘அப்பாவுக்கு’.

ஃபைல் சரியாக இருக்கிறதா என்று எப்போதும் இரண்டு வினாடி கேட்டுவிட்டு மூடிவிடுவாள். இன்று மூட முடியவில்லை.

“அப்பா, மூணு தடவை நீங்க வேலை பாக்கற போஸ்ட் ஆபீசுக்கு வந்தேன். மத்தவங்க மாதிரி வரிசையில நின்னுதான் உங்ககிட்ட பேச முடிஞ்சுது. முதல் தடவை கைக் காயத்தைக் காட்டினேன். ரெண்டாவது தடவை கழுத்தை. மூணாவது தடவை, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கப்பான்னு அழுதேன். நாலு பேர் பாக்கறாங்கன்னு சொல்லி, பஸ்ஸுக்குக் காசு கொடுத்துத் திருப்பி அனுப்பிட்டீங்க. அம்மாகிட்ட மூச்சு விடக்கூடாதுன்னீங்க. விடலப்பா. இன்னிக்கு வரைக்கும் விடல...”

டாக்டரம்மா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தாள். தன் அப்பாவின் வயசு அந்த மனிதருக்கு. பெண்ணின் சாவுக்குக் காரணம் தேடி வந்தவரிடம், காரணத்தில் பாதி நீங்கள்தான் என்று எந்த வாயால் சொல்வது? கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இங்கேயே சாய்ந்துவிட்டால்?

மருந்துப் பையோடு பெரியவர் படியேறி வந்தார். அவள் அவசரமாகத் திரையை அணைத்தாள்.

“சார்... முதல்ல உக்காருங்க” என்றாள். கண் நிறைந்துவிட்டது.

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிரிந்து கிடந்த கூட்டைப் பார்த்தார். அணைந்திருந்த திரையைப் பார்த்தார்.

“ஒண்ணும் எடுக்க முடியலையா?”

அவர் உடைந்து அழப்போகிறார் என்று நினைத்து அவள் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

பெரியவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். வீட்டுக்கு ஃபோன் போட்டார். மறுமுனை எடுத்ததும், “கடைக்காரம்மா பேசறாங்க” என்று சொல்லிவிட்டு, பேசும் இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி அவளிடம் நீட்டினார்.

“ரொம்ப நல்லதாப் போச்சும்மா. நான் சொன்னா நம்பமாட்டா, வேற கடைக்கு அனுப்புவா. ஒண்ணுமே இல்லைன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

டாக்டரம்மா ஃபோனை வாங்கிக் காதில் வைத்தாள்.

“என்னம்மா, என் பொண்ணு ஏதாவது சொல்லியிருக்காளா?” படுக்கையிலிருந்து மெலிந்த குரல் கேட்டது.

“சொல்லியிருக்காம்மா” என்றாள் டாக்டரம்மா.