கோபுரம் மாறாத வாக்கிடாக்கி

வனக்காவலர் மாசாணத்தின் இடுப்பில் ஒரு வாக்கிடாக்கி இருந்தது. "ஒருமுறை பற்றிய வானொலிக் கோபுரத்தின் அலை முற்றிலும் அற்றாலன்றி வேறு கோபுரத்துக்கு மாறாதே" என்று அதனுள் கட்டளை பதித்திருந்தார்கள்.

மேற்குமலையில் வழுக்கி விழுந்த மாசாணத்துக்குக் கால் முறிந்தது. உதவி கேட்டு அவர் பேசிய சொற்கள், வாக்கிடாக்கி அதுவரை பற்றியிருந்த தொலைவிலுள்ள கிழக்குக் கோபுரத்தை வெறும் இரைச்சலாகவே எட்டின.

"பக்கத்திலேயே நிற்கிறேன், என்னிடம் வாயேன்!" என்றது மேற்குக் கோபுரம்.

"கிழக்கு அண்ணனின் குரல் இன்னும் இழையோடுகிறது. எப்படி விடுவேன்?" என்றது வாக்கிடாக்கி.

"அட பைத்தியமே! நீ சொல்வதில் ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. போய்விடு" என்றது கிழக்குக் கோபுரம்.

"விளங்காவிட்டால் என்ன, அண்ணா? நீங்கள் பேசுகிறீர்களே!"

மாசாணத்தின் குரல் தளர்ந்தது. கிழக்குக் கோபுரம் தன் அலையைத் தானே அடக்கிக்கொண்டது.

"கைவிட்டுவிட்டீர்களே!" என்று விம்மியபடியே வாக்கிடாக்கி மேற்குக் கோபுரத்தைப் பற்றியது. மாசாணம் கிடக்கும் இடத்தின் பெயர் வனநிலையத்தில் தெளிவாகக் கேட்டது.