ஆறாவது வாஷர்

கடை மேசைமேல் ஆறு வாஷர்களை வரிசையாக வைத்தேன். ஐந்து சின்னது. கடைசி ஒன்று தோசைக்கல் அளவு. சரி, தோசைக்கல் கொஞ்சம் அதிகம். முறுக்கு அளவு.

எதிரே ஸ்டூலில் கடைப் பங்காளி ஜலாலுதீன் நானா; எங்களில் நானா என்றால் அண்ணன். மடியில் குடிநுழைவு விண்ணப்பப் பாரம். நாகூரில் இருக்கும் மனைவி சம்சுன்னிசாவையும் மகளையும் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொள்ள மறுநாள் காலை அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

அதிகாரி ஒரு மாதம் கழித்துச் சொல்லப்போவதை என் இயந்திரம் ஒரே நிமிஷத்தில் சொல்லிவிடும் என்று ஜாலான் புசார் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன். அறுபத்திரண்டாம் வருடம். எனக்கு முப்பது வயது, வாய்க்கு மட்டும் அறுபது.

அதற்கு முந்தின மாதம்தான் பல்கலைக்கழகத்தில் ஒரு மாலைச் சொற்பொழிவு கேட்டிருந்தேன். இயந்திரங்கள் படிக்கும் மொழிகளைப் பற்றி. நானூறு பேர் வந்தார்கள். முன்னூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் தூங்கினார்கள். பேசியவரே நடுவில் இரண்டு தரம் கண்ணயர்ந்தார்.

இயந்திரம் என்றால் பல்சக்கரம் எல்லாம் இல்லை. சில வட்டங்கள், அவற்றுக்கிடையே அம்புகள், அவ்வளவுதான். ஓர் எழுத்தைப் படிக்கும், அம்பு காட்டும் வட்டத்துக்குப் போகும். எப்படி வந்தோம், யாரால் வந்தோம் என்பதெல்லாம் அதற்கு நினைவிருக்காது. கடைசி எழுத்தைப் படித்ததும் நல்ல வட்டத்தில் நின்றால் ஏற்பு. இல்லையென்றால் தள்ளுபடி.

இரும்புச் சாமான் கடையில் வட்டத்துக்கும் அம்புக்குமா பஞ்சம்? வாஷர்தான் வட்டம். ஆணிதான் அம்பு. தலை எது, கூர் எது என்று குழந்தைக்கும் தெரியும்.

"பேராசிரியர்கிட்ட ஆணிக்கு ஆர்டர் எடுத்துட்டு வந்திருக்கலாம் லா, ஒலி," என்றார் நானா. ஒலி என்பது என் பெயர்.

தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து. என் மொழிக்கு இரண்டே. மனைவியோடு இருந்த வருடம் 'சே'. பிரிந்திருந்த வருடம் 'பி'.

அப்போதைய விதி இது: ஐம்பத்துநாலு முடிந்தபின் தொடர்ந்து ஐந்து வருடம் பிரிந்திருந்தவன், பிறகு மனைவியை இங்கே அழைத்துக்கொள்ள முடியாது.

'பி'க்கு இரும்பாணி; அடுத்த வாஷருக்குக் காட்டும். 'சே'க்குச் செம்பாணி, எங்கிருந்தாலும் முதல் வாஷருக்கே திருப்பிவிடும். தள்ளுபடியான ஆறாவது வாஷருக்கு மட்டும் இரண்டு ஆணிகளையும் வளையமாக வளைத்து, கூர்முனையை அதே வாஷருக்குள் திருப்பி வைத்தேன். உள்ளே போகலாம், வெளியே வர வழி கிடையாது. அந்த வளைப்பைப் பார்த்து நானே அரை மணி நேரம் பூரித்துப்போயிருந்தேன்.

முதல் வாஷரில் ஒரு நட்டை வைத்தேன். இதுதான் நானா.

"அம்பத்தஞ்சு?"

"இங்கேதான்."

நட்டு இரண்டாவது வாஷருக்கு.

"அம்பத்தாறு?"

"இங்கேதான். எங்கே போறது?"

மூன்றாவது.

எங்கள் கடையில் மூன்று பங்காளிகள். ஒரு வருடத்தில் ஒருவர்தான் ஊருக்குப் போகலாம், மற்ற இருவர் கடையைப் பார்க்க வேண்டும். முறையை விட்டுக்கொடுத்தால் அடுத்த சுற்றுவரை காத்திருக்க வேண்டும். நானாவின் முறை ஐம்பத்துநாலு, ஐம்பத்தேழு, அறுபது.

"அம்பத்தேழு?" என்றேன்.

நானா வாஷர்களைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"போகல. விட்டுக்கொடுத்துட்டேன்."

ஏன் என்று நான் கேட்கவில்லை. சுண்டுவிரலால் நட்டை நைசாக முதல் வாஷர் பக்கம் தள்ளினேன்.

நானா என் விரலைப் பிடித்துக்கொண்டார். பிடி என்றால் குறடு தோற்கும். நட்டைத் தானே எடுத்து நான்காவது வாஷரில் வைத்தார். ஐம்பத்தெட்டுக்கு ஐந்தாவது. ஐம்பத்தொன்பதுக்கு ஆறாவது.

"அறுபதுல போனேனே. எட்டு மாசம் இருந்தேன். அது 'சே'தானே?"

செம்பாணியைத் தொட்டுக் காட்டினேன். அது வளைந்து, அதே வாஷருக்குள் குத்தி நின்றது.

அவர் குனிந்து, ஆணியின் கூர் எந்தப் பக்கம் போகிறது என்று விரலால் தடவிப் பார்த்தார். இருபது வருடம் ஆணி விற்றவர். இன்னொரு தரமும் தடவினார்.

"இனிமே அஞ்சு வருசம் ஊர்லயே போய் இருந்தாலும்?"

"இதுக்குள்ளேயேதான், நானா."

மாடியிலிருந்து என் மனைவி ரஷீதா இறங்கிவந்து இரண்டு கிளாஸ் டீ வைத்தாள். வாஷர்களைப் பார்த்துவிட்டு, "தாயம் ஆடுறீங்களா?" என்றாள். நானா சிரித்தார். அவள் மேலே போகும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு பாரத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நட்டை எடுத்து, அரை அங்குல நட்டு டப்பாவைத் தேடி அதில் போட்டார். டீயை ஒரு மிடறு குடித்தார்.

"உன் பொண்டாட்டி கைக்குச் சீனி அளவு தெரியும்டா."

அவளை நிக்காஹ் செய்ய நான் கப்பலேறியது ஐம்பத்தேழில். அப்போது நான் பங்காளி இல்லை, சம்பள ஆள். எனக்கு முறையே கிடையாது.

என் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு துறைமுகம்வரை வந்தவர் நானா. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.